தேடுபொறி உகப்பாக்கம்: நாராயணவனம், புத்தூர் வட்டாரம்

தேடுபொறி உகப்பாக்கம் என்பது, கூகுள் போன்ற தேடுபொறியில் ஒருவர் ஒரு பொருளையோ சேவையையோ தேடும்போது, காசு கொடுத்து வாங்கும் விளம்பர இடத்தில் அல்லாமல் இயல்பாக வரும் முடிவுகளில் தம் பெயர் முன்னால் வரும்படி வணிகர்கள் செய்துகொள்ளும் ஏற்பாடு. பேச்சு வழக்கில் எஸ்.இ.ஓ. இதை விளக்க வரும் நூல்கள் பெரும்பாலும் அமெரிக்க நிறுவனங்களைத்தான் எடுத்துக்காட்டும். ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில் புத்தூரை ஒட்டியிருக்கும் நாராயணவனமும் அதன் சுற்றுப்புறமும் அவற்றைவிடத் தெளிவான சான்றுகளைத் தருகின்றன. ஒரு பெயர் ஊரறியப் பரவுவதும், அந்தப் பெயரைத் தேடி வருபவர் உரிய வாசலில் வந்து நிற்பதும் வேறு வேறு காரியங்கள் என்பது இங்கே பளிச்சென்று தெரிகிறது. பெயரைச் சம்பாதித்தவர் ஒருவர், பலனை அடைபவர் இன்னொருவர் என்ற நிலை தேடுபொறியில் எப்போதாவது நேரும் பிசகு அல்ல. அந்த அமைப்பு கட்டப்பட்ட விதமே அதற்கு இடம் கொடுக்கிறது.

முதல் சான்று கோயில். ஆகாசராஜன் ஆண்டதாகத் தலபுராணம் சொல்லும் ஊர் நாராயணவனம். அவன் மகள் பத்மாவதிக்கும் சீனிவாசப் பெருமாளுக்கும் திருமணம் நடந்த இடமும் இதுவே. கல்யாணத்துக்கு மாவரைத்ததாகச் சொல்லப்படும் பெரிய திருகைக்கல்லைக் கோயிலில் இன்றும் காட்டுகிறார்கள். மூலவர் கல்யாண வெங்கடேஸ்வரர். கோயில் 1967 முதல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆனால் திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் உள்ள சீனிவாசமங்காபுரத்திலும் மூலவர் பெயர் கல்யாண வெங்கடேஸ்வரர்தான். அதுவும் தேவஸ்தானக் கோயில்தான். மணமான பின் தம்பதியர் தங்கிய இடம் என்ற ஐதீகத்தால் புதுமணத் தம்பதிகள் அங்கே போகிறார்கள். திருப்பதி விடுதியில் இருந்துகொண்டு சாமி பெயரை மட்டும் கைப்பேசியில் தட்டுபவருக்கு எது அருகில் இருக்கிறதோ அது முன்னால் வருவதே முறை. நாராயணவனமோ புத்தூரைத் தாண்டி, முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. போதாக்குறைக்கு, 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது நாராயணவனம் சித்தூரை விட்டு அதனுடன் சேர்ந்தது. பழைய பட்டியல்களில் சித்தூர் மாவட்டம் என்றும் புதியவற்றில் திருப்பதி மாவட்டம் என்றும் ஒரே தெரு இரண்டு முகவரியில் வாழ்கிறது.

இரண்டாவது சான்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்தது: புத்தூர் கட்டு. புத்தூரை அடுத்த ராச்சபாளையத்தில் கேசவ ராஜு என்பவர் வேட்டையில் கிடைத்த முயலை இலைகளில் சுற்றி எடுத்துவர, வீடு வந்து பிரித்தபோது வெட்டிய எலும்புகள் ஒட்டியிருந்தன என்பது அந்த வைத்தியத்தின் தோற்றக் கதை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. பச்சிலை விழுது, முட்டை வெண்கரு, மூங்கில் பத்தை, துணி என்று சரக்கு எளியது. கை முறிந்தவர் போய்க் கட்டிக்கொண்டு வந்தார், திரும்பி வந்து அண்டை வீட்டாரிடம் சொன்னார். புகழ் பரவிய வழி அவ்வளவுதான். இன்று சென்னையிலும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் ‘புத்தூர் கட்டு வைத்தியசாலை’ என்ற பலகை இல்லாத வட்டாரம் குறைவு. பலகையில் உள்ள ஊர்ப் பெயர் ராச்சபாளையத்துக்காரர்கள் சம்பாதித்தது; கட்டணப் பெட்டி வேறு ஊரில் இருக்கிறது. இத்தனைக்கும் இந்தப் பிரிவு இணையம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. தேடுபொறி செய்ததெல்லாம் அதை உறுதிப்படுத்தி வேகப்படுத்தியதுதான்.

எப்படி என்பதற்கு விடை தேடுபொறிகளின் தொடக்க வரலாற்றில் இருப்பதால் அதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். 1990இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலன் எம்டேஜ் உருவாக்கிய ஆர்ச்சி கோப்புகளின் பெயர்களை மட்டுமே தேடியது. 1994இல் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் தொடங்கிய யாஹூ, ஆட்கள் உட்கார்ந்து தொகுத்த பட்டியல். ஒரு தலைப்பின் கீழ் பெயர்கள் அகர வரிசையில் நின்றன. ஆங்கிலத்தின் முதல் எழுத்தில் கடைப்பெயர் வைத்தால் முதலில் வரலாம் என்பது தொலைபேசிப் புத்தகக் காலத்துத் தந்திரம். அது அப்படியே இங்கே குடிவந்தது. 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா பக்கங்களின் முழு உரையையும் படித்தது. பக்கம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதை அது பெரும்பாலும் நம்பவும் செய்தது. விளைவு, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஒரே சொல்லை நூறு முறை எழுதிவைக்கும் வித்தை பிறந்தது. இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. இங்கே தேடல் பழக்கம் முதலில் தொலைபேசி வழியாக வளர்ந்தது: 1996இல் வி.எஸ்.எஸ். மணி மும்பையில் தொடங்கிய ஜஸ்ட் டயலை அழைத்து ‘எங்கள் ஏரியாவில் பிளம்பர் யார்’ என்று கேட்டார்கள். அதே ஆண்டில் மொத்த வியாபாரிகளுக்காக இந்தியாமார்ட் வந்தது.

திருப்புமுனை 1998. ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் பேஜ்ரேங்க் முறையை வெளியிட்டார்கள். அதை விளக்கிய கட்டுரைகளில் ஒன்றில் ராஜீவ் மோத்வானியும் இணையாசிரியர். ஒரு பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதைவிட, மற்றப் பக்கங்கள் அதைச் சுட்டுவதற்கே மதிப்பு என்பது அடிப்படை. ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள்களை எண்ணும் முறையை யூஜீன் கார்ஃபீல்டு 1960களிலேயே கொண்டுவந்திருந்ததால் எண்ணம் முற்றிலும் புதிதல்ல. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கிருஷ்ண பரத், ஜார்ஜ் மிஹைலாவுடன் சேர்ந்து வகுத்த ஹில்டாப் முறை இன்னும் ஒரு படி போனது: ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவர்களின் சுட்டுதலை மட்டுமே அது கணக்கில் எடுத்தது. சொந்தக்காரன் சாட்சி செல்லாது என்ற விதி. ராச்சபாளையத்தின் புகழ் பரவியதும் இதே வழியில்தான். ஆனால் சாட்சி சொல்பவர் ஒரு பெயரைத்தான் சொல்கிறார், அந்தப் பெயரை இன்று யார் வைத்திருக்கிறார் என்பதற்கு அவர் பொறுப்பாளி அல்ல. ‘புத்தூர் கட்டுப் போட்டேன், சரியாயிற்று’ என்று ஒருவர் எழுதினால் அந்தப் பாராட்டு பெயருக்குச் சேர்கிறது. பெயரோ யாருக்கும் கதவு திறந்த வீடு.

இத்துறையை வகைப்படுத்துபவர்கள் வெள்ளைத் தொப்பி, கறுப்புத் தொப்பி, இடைப்பட்ட சாம்பல் தொப்பி என்று மூன்றாகப் பிரிப்பது வழக்கம். விதிக்கு உட்பட்டது வெள்ளை, ஏமாற்றுவது கறுப்பு. கூகுள் 2003 நவம்பரில் ஃபுளோரிடா, 2011 பிப்ரவரியில் பாண்டா, 2012 ஏப்ரலில் பெங்குவின் என்று அடுத்தடுத்துச் செய்த மாற்றங்கள் கறுப்பை விரட்டவே வந்தன. 2006இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. தளமே சில நாள் முடிவுகளிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் இந்த வகைப்பாட்டில் பெயர் இரவல் எங்கும் அடங்கவில்லை. சென்னையில் புத்தூர் கட்டுப் பலகை வைத்து, முகவரியும் தொலைபேசி எண்ணும் சரியாகப் பதிந்து, உண்மையான வாடிக்கையாளரிடம் ரிவ்யூ வாங்குபவர் எந்த விதியையும் மீறவில்லை. அவர் தொப்பி சுத்த வெள்ளை. உள்ளூர்த் தேடலுக்குக் கூகுள் சொல்லும் மூன்று அளவுகோல்கள் பொருத்தம், தூரம், புகழ். தாம்பரத்தில் தேடுபவருக்குப் பொருத்தத்தில் ராச்சபாளையமும் தாம்பரத்தில் பலகை வைத்த கடையும் சமம். தூரத்தில் தாம்பரத்துக் கடை வெல்கிறது. புத்தூர் என்ற சொல்லும் ராச்சபாளையத்துக்குக் கைகொடுப்பதில்லை, ஏனெனில் திருச்சியில் ஒன்று தொடங்கித் தமிழ்நாடெங்கும் புத்தூர்கள் இருக்கின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. புத்தூர் கட்டு இன்று ஊர்ப் பெயரல்ல, ஒரு முறையின் பெயர். பொதுச்சொல்லாகிவிட்டதை யாரும் தமக்கென்று வேலி போட முடியாது என்பார்கள். சட்டம் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் நிற்கிறது. பாரத் மேட்ரிமோனியை நடத்திய சென்னையின் கன்சிம் இன்ஃபோ, தன் பெயர்களைப் போட்டி நிறுவனங்கள் விளம்பரத் தேடுசொல்லாக வாங்குவதை எதிர்த்துக் கூகுள்மீது வழக்குத் தொடுத்தது. 2010 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், அச்சொற்கள் பொருளை விவரிக்கும் பொதுச்சொற்கள் என்பதை முன்னிட்டு இடைக்காலத் தடை தர மறுத்தார். 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம் அதே நிறுவனம் கொடுத்த புகாரின் பேரிலும் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆனால் அது தேடல் முடிவுகளில் காட்டிய சாய்வுக்கு, தேடுசொல் விற்பனைக்கு அல்ல. 2023 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம், கூகுள் இந்த விளம்பர ஏற்பாட்டில் ஒதுங்கி நிற்கும் இடையாள் அல்ல என்றது. என்றாலும், குழப்பம் விளையாதவரை பிறர் வணிகப் பெயரைத் தேடுசொல்லாக வாங்குவது மட்டுமே குற்றமாகாது என்றது. ஆகவே மறுப்பு சட்டப்படி சரி. ஆனால் அது இந்தக் கட்டுரையின் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிசெய்கிறது: நன்றாக உழைக்கும் பெயர்தான் பொதுச்சொல்லாகிறது, பொதுச்சொல்லானதும் உழைத்தவர் கையைவிட்டுப் போகிறது. திருப்பதி லட்டு 2009இல் புவிசார் குறியீடு பெற்றுத் தப்பித்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமே அந்தக் குறியீட்டைத் தருகிறது; எலும்பு கட்டுவது சேவை என்பதால் அந்த வாசலும் அடைப்பு.

சிற்றூர் வியாபாரத்துக்கு இணையமே எதற்கு என்பது அடுத்த மறுப்பு. நாராயணவனம், புத்தூர், நகரி விசைத்தறிக்காரர்கள் விஷயத்தில் இதை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் வியாபாரிக்குக் கூலிக்கு ஓட்டும் தறிக்குத் தேடுபொறியால் ஆவது ஒன்றுமில்லை. துணி வெளியே போகும்போது வாங்கியவர் பெயரில்தான் போகிறது. ஆனால் விடுதி, வாடகைக் கார், கைலாசகோனை அருவிக்குப் போகும் வழியில் உள்ள சாப்பாட்டுக் கடை ஆகியவற்றுக்கு வெளியூர் ஆள்தான் வாடிக்கையாளர். வெளியூர் ஆள் கேட்பது கைப்பேசியை.

தேவஸ்தானத்தின் அனுபவம் இந்த இடத்தில் முக்கியமானது. தரிசன டிக்கெட், அறை முன்பதிவு என்று தன் பெயரில் முளைத்த போலித் தளங்கள் பலவற்றின்மீது அது காவல்துறையில் புகார் கொடுத்தது. உலகறிந்த ஒரு நிறுவனத்துக்கே புகழ் காப்பாக இல்லை. 2024 ஜனவரியில் தளத்தின் முகவரியை மாற்றியபோதும் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும் இணைய முகவரி வகையிலேயே அது நின்றது. எவரும் நகலெடுக்க முடியாதது முகவரியின் முடிவில் வரும் அந்த வால் மட்டுமே. தனியார் வணிகருக்கு அதற்கு ஈடானது வரைபடத்தில் உறுதிசெய்யப்பட்ட இடம். கூகுள் கேட்கும் வீடியோவில் தெருவையும் பக்கத்துக் கட்டடத்தையும் பெயர்ப்பலகையையும் காட்டி, பூட்டைத் திறந்து உள்ளே போய்க் கல்லாவரை காட்ட வேண்டும். ஊர்ப் பெயரைத் தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுவதும், சித்தூர் என்றிருக்கும் பழைய பதிவுகளைத் திருத்துவதும், எல்லா இடத்திலும் ஒரே தொலைபேசி எண் கொடுப்பதும் மீதி வேலை. மாதச் சந்தா வாங்கிக்கொண்டு முதல் பக்க இடத்துக்கு உத்தரவாதம் தருகிறோம் என்பவர்களின் சேவை இதற்குமேல் பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை.

2024 ஆகஸ்டிலிருந்து இந்தியாவில் கூகுள் சில தேடல்களுக்கு முடிவுகளின் தலையில் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கமான விடையையும் காட்டுகிறது. கல்யாண வெங்கடேஸ்வரர் எந்த ஊரில் என்று கேட்பவருக்கு இனிப் பட்டியலுக்கு முன்பே ஒரு பத்தி வந்து நிற்கலாம். அதில் நாராயணவனமும் சீனிவாசமங்காபுரமும் தனித்தனியாக இருப்பது, இரண்டையும் பிரித்தெழுதிய பக்கங்கள் எத்தனை என்பதைப் பொறுத்தது.