இழையும் பிளாத்திக்கும் கூடிய வரலாறு

கண்ணாடியிழை சேர்ந்த பிளாத்திக்கின் வரலாற்றை எழுதுவோர் இழையின் வன்மையை விதந்து கூறுவர். இழையும் பிளாத்திக்கும் சந்திக்கும் எல்லையைப் பற்றிக் கூறுவார் சிலரே. ஆயினும், இப்பொருளின் வாழ்வும் தாழ்வும் அவ்வெல்லையிலேயே தீர்மானிக்கப்பட்டன என்பது எமது துணிபு.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1930ஆம் ஆண்டுகளில் கண்ணாடியிழை பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது அது பொலியெசுத்தர்ப் பிசினுடன் சேர்க்கப்பட்டு, விமானங்களின் ரேடார்க் கருவிகளை மூடும் கவிகைகளுக்குப் பயன்பட்டது. உலர்ந்த நிலையில் மிக்க வன்மை காட்டிய அப்பொருள், நெடுநாள் ஈரத்திற் கிடந்தபின் தளர்ந்தது. கண்ணாடி நீரை விரும்பும் இயல்பினது, பிசினோ அவ்வியல்பற்றது. ஆகவே நீர் இடையே புகுந்து, பிசினை விலக்கித் தானே கண்ணாடியைப் பற்றிக்கொண்டது.

1947இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ப் விற் என்பாரும் துணைவரும் கடற்படைக்கு அளித்த மறைவான அறிக்கையொன்று இதற்கு வழி காட்டிற்று. அவர்கள் இருவகைச் சிலேன்களை இழைகளிற் பூசி ஒப்பிட்டனர். இரண்டும் சிலிக்கன் முனையாற் கண்ணாடியைப் பற்றுவன. ஒன்றின் மறுமுனையிலுள்ள எதைல் கூட்டம் பிசினோடு தாக்கமுறாது. மற்றையதன் அல்லைல் கூட்டமோ தன் இரட்டைப் பிணைப்பால் பிசினோடு இணைய வல்லது. பின்னையது இருமடங்கு வன்மை தந்தது! பற்றுதற்கு இரு கைகளும் வேண்டும் என்பது இதனால் விளங்கிற்று.

ஆனால் இம்முறை வேதித்தாக்கத்தால் இறுகும் பிசின்களுக்கே எளிதிற் பொருந்தியது. 1954இல் இத்தாலியில் கியூலியோ நாற்றா ஆக்கிய பொலிப்புரோப்பிலீன் வெப்பத்தால் உருகிக் குளிரால் உறைவது. நைலோனிலுள்ள அமைட்டுக் கூட்டம் போல் பற்றுதற்குரிய எதுவும் அதன் சங்கிலியில் இல்லை. எனவே, இழையைத் திருத்தியது போதாதெனப் பிளாத்திக்கையும் திருத்த நேர்ந்தது. மலெயிக்கு நீரிலி ஒட்டப்பெற்ற பொலிப்புரோப்பிலீனைச் சிறிதளவு கலப்பதே அத்திருத்தம். அந்நீரிலி இழைமேற் பூசிய சிலேனின் அமைன் கூட்டத்தோடு பிணைகிறது. நீண்ட சங்கிலியோ தன்னினத்துச் சங்கிலிகளோடு பின்னிக்கொள்கிறது.

அச்சினுள் உருகிய பிளாத்திக்கைச் செலுத்தும்போது இழைகள் மில்லிமீற்றரினும் குறுந்துண்டங்களாக முறிகின்றமையால் இப்பிணைப்பு இன்றியமையாததாயிற்று. ஒட்டு வலுக்குறையுமளவுக்கு, சுமையை முழுதும் ஏற்க வேண்டிய இழைநீளம் கூடும் என்பதை 1965இல் கெலியும் ரைசனும் செம்பினுட் பதித்த தங்குதன் கம்பிகளைக் கொண்டு நிறுவினர்.

எனினும், ஒட்டை எல்லையின்றி வலுப்படுத்தல் நன்றன்று. வலுக்குறைந்த எல்லையானது பரவும் வெடிப்பைத் திசைதிருப்பித் தடுக்கவல்லது என 1964இலேயே குக், கோர்டன் என்போர் காட்டியிருந்தனர். இழை சிறிது விலகி இழுபடும்போது மோதலின் சத்தி செலவாகிறது. ஆதலின், மோதலைத் தாங்கவேண்டிய உறுப்புகளில் ஒட்டின் வலுவை அளவறிந்தே கூட்டுகின்றனர்.