ஊரடங்கில் காணாமல் போன காய்ச்சல் வைரஸ்கள்... திரும்பி வந்தது எப்படி?

முகக்கவசம், பள்ளிகள் மூடல், விமானத் தடை... 2020-ல் இதெல்லாம் கொரோனாவைத் தடுக்கத்தான் வந்தது. ஆனா அதிகமா அடி வாங்கினது மற்ற வைரஸ்கள்தான்!

அமெரிக்காவில் 2019-20 சீசனில் ஃப்ளூ காய்ச்சலால் 190-க்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிரிழந்ததாகப் பதிவானது. அடுத்த சீசனில் பதிவானது ஒரே ஒரு குழந்தையின் மரணம்.

கொரோனா அடங்கல, ஃப்ளூ மட்டும் அடங்கியது ஏன்?

தொடக்கத்தில் பரவிய கொரோனா, ஒருவரிடமிருந்து சராசரியாக 2 முதல் 3 பேருக்குத் தொற்றியது. சீசன் ஃப்ளூவுக்கு இந்த எண் சுமார் 1.3 தான். இது 1-க்குக் கீழே போனாலே பரவல் தேய ஆரம்பிக்கும். அதனால் கொரோனாவின் வேகத்தை மட்டுமே குறைத்த கட்டுப்பாடுகள், ஃப்ளூவை கிட்டத்தட்ட நிறுத்தியே விட்டன.

எல்லா வைரஸும் அடங்கியதா?

இல்லை. சாதாரண சளியை உண்டாக்கும் ரைனோவைரஸ் தொடர்ந்து பரவியது. இதற்குக் கொழுப்பாலான மேலுறை கிடையாது. அதனால் ஆல்கஹால் சானிடைசர் இதனிடம் அவ்வளவாகப் பலிக்காது.

திரும்பி வந்தது எப்படி?

கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸ், ஆஸ்திரேலியாவில் 2020 குளிர்காலத்தில் தலைகாட்டவே இல்லை. ஆனால் கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், அந்த ஆண்டு இறுதியில் கோடைக்காலத்திலேயே கிளம்பியது. 2021 கோடையில் அமெரிக்காவிலும் இதே கதைதான்.

'எதிர்ப்பு சக்தி கடன்' என்றால் என்ன?

வீட்டிலேயே இருந்ததால் உடம்பு பலவீனமாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. வழக்கமாக ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொற்று வரும். இந்த முறை அந்த வைரஸையே பார்க்காத குழந்தைகளின் எண்ணிக்கை சேர்ந்துகொண்டே போனது. வைரஸ் திரும்பியதும் பலருக்கு ஒரே நேரத்தில் தொற்று வந்து, மருத்துவமனைகள் நிரம்பின.

திரும்பியே வராத வைரஸ்!

ஃப்ளூவில் 'பி யமகாட்டா' என்ற வகை, 2020 மார்ச்சுக்குப் பிறகு உறுதியாகக் கண்டறியப்படவே இல்லை. அதனால் தடுப்பூசியில் அது இனி தேவையில்லை என 2023-ல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

கட்டுப்பாடுகள் பெரும்பாலான வைரஸ்களை ஒழிக்கவில்லை, தள்ளித்தான் போட்டன. சளி பிடித்த கைக்குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, 'சீசன் சளிதானே' என்று விட்டுவிடாதீங்க. உடனே டாக்டரிடம் காட்டுங்க.