ஹலோ வேர்ல்ட் பிறந்த கதை

எந்த ப்ரோக்ராமிங் மொழியை எடுத்தாலும் முதல் பாடம் ஒன்றுதான். திரையில் "ஹலோ, வேர்ல்ட்" என்று வர வைக்க வேண்டும். முதல் செமஸ்டர் லேபில் நானும் அதைத்தான் அடித்தேன். ஒரு அரைப்புள்ளியை விட்டுவிட்டு இருபது நிமிடம் திருதிருவென்று விழித்தது தனிக்கதை. இதை யார் ஆரம்பித்து வைத்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கணினியின் ஆரம்ப நாட்களில் இந்த வணக்கமெல்லாம் கிடையாது. 1948 ஜூன் 21ல் மான்செஸ்டரில் டாம் கில்பர்ன் எழுதிய ப்ரோக்ராம், ஒரு எண்ணின் மிகப்பெரிய வகுத்தியைத் தேடி 52 நிமிடம் ஓடியது. (பொறுமைசாலிகள்!) அடுத்த வருடம் மே 6ல் கேம்பிரிட்ஜின் எட்சாக் முதன்முதலாக அச்சடித்தது வர்க்க எண்களின் பட்டியல். கணினி என்றால் கணக்கு, அவ்வளவுதான்.

வணக்கம் வந்தது அமெரிக்காவின் பெல் லேப்ஸில். அங்கே கென் தாம்ஸன் 'பி' என்று ஒரு மொழியை உருவாக்கியிருந்தார். அதற்கு 1972ல் பிரையன் கெர்னிகன் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அதில் ஹலோ வேர்ல்ட் முதல் ப்ரோக்ராமே இல்லை! முதலில் வருவது மூன்று எண்களைக் கூட்டும் ப்ரோக்ராம். ஹலோ வேர்ல்ட் பின்னால்தான் வருகிறது, அதுவும் துண்டு துண்டாக. பி மொழியில் ஒரு எழுத்து மாறிலிக்குள் நான்கு எழுத்துகள்தான் அடங்கும். அதனால் 'ஹெல்' ஒரு மாறியில், நடுத்துண்டு இன்னொன்றில், மிச்சம் மூன்றாவதில். ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், உலகின் முதல் ஹலோ வேர்ல்ட் 'நரகம்' என்றுதான் தொடங்குகிறது.

பிறகு டென்னிஸ் ரிட்சியின் சி மொழி வந்தது. 1974ல் அதற்கும் கெர்னிகனே குறிப்பு எழுதினார். இந்த முறை ஹலோ வேர்ல்டை முதலிடத்தில் வைத்தார், ஒரே பிரிண்ட்எஃப் வரியில். 1978ல் இருவரும் சேர்ந்து எழுதிய சி புத்தகம் வழியாக அது ஊரெல்லாம் பரவியது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். எனக்கு இது நல்ல வாத்தியார் வேலையாகத் தெரிகிறது. வர்க்க எண் பட்டியலில் தப்பு வந்தால் கணக்கு தப்பா, கணினி தப்பா என்று குழம்புவோம். இங்கே கணக்கே இல்லை. எங்கே டைப் செய்வது, எப்படி கம்பைல் செய்வது, விடை எங்கே வரும் என்ற மூன்றும் புரிந்தால் போதும். புதிதாக வருபவன் தடுக்கி விழுவது அங்கேதான் (அனுபவம்!).

அந்த 1978 ப்ரோக்ராமில் இன்க்ளூட் வரி கிடையாது, மெயினுக்கு முன்னால் இன்ட் கிடையாது. 1988ல் வந்த இரண்டாம் பதிப்பில் இன்க்ளூட் வரி சேர்ந்தது. 2024ல் வெளியான ஜிசிசி 14, தனியாக எதுவும் சொல்லாவிட்டால், பழைய வடிவத்தை எரர் என்று நிறுத்திவிடுகிறது. போன வாரம் அப்படியே அடித்துப் பார்த்தேன். இரண்டு எரர். இந்த முறை அரைப்புள்ளி சரியாகத்தான் இருந்தது.