சில்லறையில் வந்த மானாவாரி

போன வாரம் சின்ன வெங்காயம் போட்டுட்டு, பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிச்சேன். மீதி வந்த சில்லறையில ஒரு ஒத்த ரூபாய் மட்டும் கையில கனமா இருந்தது. இப்ப வர்ற ஒரு ரூபாய் 4 கிராம்கூட இல்ல, இது கிட்டத்தட்ட 6 கிராம். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா வருஷம் 1988. பக்கத்துல இங்கிலீஷ்ல ‘ரெயின்ஃபெட் ஃபார்மிங்’.

அதாவது மானாவாரி விவசாயம். மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பிப் போடுற எங்க மாவட்டத்துக்கே அடிச்ச காசு மாதிரி இருந்துச்சு!

வீட்டுக்கு வந்து ஹார்லிக்ஸ் பாட்டில்ல கிடந்த சில்லறையைக் கொட்டித் தேடினதுல இன்னொண்ணு கிடைச்சது. 1987, ‘ஸ்மால் ஃபார்மர்ஸ்’. சிறு விவசாயி. எனக்கு இருக்கிறது மூணு ஏக்கர், என் பேரையே போட்டுட்டாங்கன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொன்னேன். "அதை வெச்சுக் கடனை அடைங்க"ன்னுட்டு அவங்க உள்ள போயிட்டாங்க.

இந்தக் காசுகளுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. ஐ.நா.வோட உணவு வேளாண்மை நிறுவனம், பசிக் கொடுமையைப் பத்தி சாதாரண ஜனங்ககிட்ட சொல்றதுக்கு 1968-ல ஒரு வழி கண்டுபிடிச்சது. போஸ்டர் ஒட்டினா கிழிஞ்சிடும், காசுல அடிச்சா கை மாறிக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு நாட்டையும் அப்படி நாணயம் அடிக்கச் சொன்னாங்க. நம்ம நாட்டுல 1970-ல தாமரை போட்ட மஞ்சள் 20 பைசாவுல ‘எல்லோருக்கும் உணவு’ன்னு வந்தது. 1973-ல 50 பைசாவுல ‘அதிகம் விளைவிப்போம்’. பசுமைப் புரட்சி நடந்துக்கிட்டிருந்த காலம், அரசாங்கம் சொன்னதைக் காசும் சொல்லுச்சு. 1987-ல உலக உணவு தினத்துக்குச் சிறு விவசாயிதான் தலைப்பு.

அந்த 1987 எப்படிப்பட்ட வருஷம்? நாட்டுக்கே பெரிய வறட்சி. எனக்கு அப்ப பள்ளிக்கூடம் முடியுற வயசு. எங்க கரிசக் காட்டுல சோளம் முழங்காலுக்கு மேல வரல. அப்பா மாட்டை வித்தார். அவர் கையிலயும் இந்த ஒரு ரூபா புழங்கியிருக்கும். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. அவரைப் பத்தி எழுதியிருக்குன்னு தெரியாமலே பீடிக்குக் கொடுத்திருப்பார்.

1992-லேர்ந்து ஒரு ரூபாயை எவர்சில்வர்ல சின்னதா அடிக்க ஆரம்பிச்சாங்க. பழைய கனமான காசு கொஞ்சம் கொஞ்சமா மறைஞ்சு போச்சு. நீங்களும் உங்க சில்லறையைப் புரட்டிப் பாருங்க. 1995 தஞ்சாவூர் எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, தமிழ்லயே கையெழுத்து போட்ட அண்ணா அஞ்சு ரூபாய், பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டு அஞ்சு ரூபாய் எல்லாம் இன்னும் சுத்துது. வருஷத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தா ஹைதராபாத், வைரக்கட்டம் இருந்தா மும்பை, புள்ளின்னா நொய்டா, ஒண்ணுமே இல்லன்னா கொல்கத்தா.

ஆனா லட்சம் கிடைக்கும்னு மட்டும் நம்பாதீங்க. என் மச்சான் ஒருத்தர் போன்ல விளம்பரம் பார்த்து, பழைய அஞ்சு ரூபாயை மூணு லட்சத்துக்கு வாங்கிக்கிறோம்னு சொன்னவங்களுக்குப் பதிவுக் கட்டணம், வரின்னு மூணு தவணையா பதினோராயிரம் அனுப்பினார். விதைக்கு வெச்சிருந்த பணம். அப்புறம் அந்த நம்பர் எடுக்கவே இல்ல. இந்த மாதிரி வாங்க விக்க நாங்க யாருக்கும் அதிகாரம் கொடுக்கல, கட்டணமும் கேக்கிறதில்லன்னு ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டுலயே எச்சரிச்சிருக்கு. எங்க ஊருக்கு அது வந்து சேரல. என் மானாவாரி காசை திருச்சியில ஒரு நாணய வியாபாரிகிட்ட காட்டினப்ப, தேய்ஞ்சிருக்கு, இருபது ரூபா தர்றேன்னார்.

2025 ஜூலையில அரியலூர் மாவட்டம் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிரதமர் வந்து ராஜேந்திர சோழனுக்கு நினைவு நாணயம் வெளியிட்டார். "இது எப்ப சில்லறையில வரும்"னு டீக்கடையில ஒருத்தர் கேட்டார். வராது. அது பெட்டியில வெச்சு விக்கிற காசு. அப்பனோட கோயில் அஞ்சு ரூபாயில கைக்கு வந்துச்சு, மகன் நம்ம பக்கத்துக்காரன், அவன் மட்டும் பெட்டியில.

ரெண்டு காசையும் அப்பா போட்டோவுக்குக் கீழே வெச்சிருக்கேன். நேத்து சில்லறை இல்லன்னு பேரன் அதுல ஒண்ணை எடுத்துட்டுக் கடைக்குக் கிளம்பிட்டான், வாசல்லயே பிடிச்சேன்.