பனிக்கட்டியில் வந்த மீன்

நுவரெலியாப் பக்கத்துக் குளிர்ந்த ஓடைகளில் ‘ட்ரவுட்’ என்றொரு மீன் உண்டு. இம்மண்ணுக்கு உரியதன்று. 1880களில் ஆங்கிலேயர் அதன் முட்டைகளைப் பனிக்கட்டியிற் பொதிந்து கப்பலிற் கொணர்ந்தனர். இறகினால் ஈப்போலக் கட்டிய தூண்டிலை நீர்மேல் வீசி அதனைப் பிடிப்பது துரைமாரின் பொழுதுபோக்கு. முதலில் வந்த பழுப்பு இனம் நன்கு பெருகவில்லை; பின்வந்த வானவில் இனமே ஹோட்டன் சமவெளியில் நிலைத்தது.

முட்டை கெடாதிருக்க அத்தனை கவனம்! அக்காலத்திலும் தோட்டங்களுக்கு வந்த நம்மவர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் மாண்டோர் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர் இன்னும் உடன்படவில்லை. மீனை நான் குறைசொல்லவில்லை. ஆனால், 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்தம் சந்ததியாருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, அது ஹோட்டன் சமவெளி ஓடையில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது.