நர்சுகளுக்குக் கதவு திறந்த ஆசிரியர் கல்லூரி

1/
"நர்சிங் படிப்புல சைக்காலஜி எதுக்கு டாக்டர்? சோசியாலஜி எதுக்கு? ஊசி போடக் கத்துக்கொடுத்தா போதாதா?"

பிள்ளையை பி.எஸ்சி. நர்சிங் சேர்த்த பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது. பி.எட். படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டிலும் இதே மாதிரி ஒன்று ஓடும். "கணக்கு தெரிஞ்சவன் கணக்கு சொல்லித் தரப் போறான். அதுக்கு மேல ரெண்டு வருஷம் எதுக்கு?"

2/
இந்த ரெண்டு கேள்விக்கும் வரலாற்றில் ஒரே இடத்தில் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் நர்சுகள் பல்கலைக்கழகப் படிப்புக்குள் நுழைந்த வாசல், மருத்துவக் கல்லூரியின் வாசல் இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் வாசல்.

கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

3/
முதலில் ஆசிரியர்கள் கதை.

1839 ஜூலை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊர். அரசுப் பணத்தில் ஆசிரியர்களை உருவாக்கும் அமெரிக்காவின் முதல் பள்ளி திறக்கிறது. "நார்மல் ஸ்கூல்" என்று பெயர். இதற்காகப் போராடியவர் ஹோரஸ் மேன்.

முதல் நாள் வந்த மாணவிகள் எத்தனை பேர் தெரியுமா? மூன்று பேர்.

4/
அந்தப் பள்ளியோடு ஒரு சின்னப் பள்ளியும் ஒட்டியிருந்தது. மாதிரிப் பள்ளி. பயிற்சி மாணவிகள் அங்கே போய்ப் பாடம் நடத்திப் பழகுவார்கள். தலைமை ஆசிரியர் சைரஸ் பியர்ஸ் ரெண்டு பக்கமும் பார்த்துக்கொள்வார்.

இந்த ஏற்பாட்டை மனசில் வச்சுக்கோங்க. அந்த மாதிரிப் பள்ளி, பயிற்சி மாணவிகள் கற்றுக்கொள்வதற்காக நடந்தது. கதையின் மையமே இதுதான்.

5/
இப்போது நர்சுகள் பக்கம் வருவோம்.

1860. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் பயிற்சிப் பள்ளி தொடங்குகிறது. முதல் அணியில் 15 பெண்கள். ஒரு வருடப் பயிற்சி.

இங்கே கவனிக்க வேண்டியது பணம். கிரிமியப் போரின்போது நைட்டிங்கேலுக்காக மக்கள் திரட்டிய நிதி தனியாக இருந்தது. பயிற்சிப் பெண்களின் செலவை அந்த நிதி பார்த்துக்கொண்டது.

6/
1873-ல் இந்த முறை அமெரிக்காவுக்குப் போகிறது. நியூயார்க் பெல்வ்யூ, நியூ ஹேவன், பாஸ்டன் என்று ஒரே ஆண்டில் மூன்று பள்ளிகள்.

முறை கடல் தாண்டிப் போனது. தனி நிதி மட்டும் கூடவே போகவில்லை.

7/
விளைவு என்ன?

மருத்துவமனை நிர்வாகங்கள் சீக்கிரமே ஒரு கணக்கைக் கண்டுபிடித்தன. சம்பளத்துக்கு நர்ஸ் வைத்தால் செலவு. "பயிற்சிப் பள்ளி" என்று ஒரு போர்டு மாட்டினால் சாப்பாடும் தங்க இடமும் கொஞ்சம் கைச்செலவுப் பணமும் போதும். வார்டு முழுக்கப் பெண்கள் வேலை பார்ப்பார்கள். ஒரு அணி முடித்துப் போனால் அடுத்த அணி வரும்.

8/
1880-ல் அமெரிக்காவில் இருந்த நர்சிங் பள்ளிகள் 15. 1900-ல் 432.

இருபது வருடத்தில் இந்த வளர்ச்சிக்குக் காரணம் கல்விமேல் வந்த திடீர்க் காதல் என்று நினைத்தால் நாம அப்பாவிகள்.

9/
மாணவியின் ஒரு நாள் எப்படி இருக்கும்? பத்து, பன்னிரண்டு மணி நேரம் வார்டில் வேலை. தரை துடைப்பது, பாத்திரம் கழுவுவது, படுக்கை மாற்றுவது, நோயாளியைக் குளிப்பாட்டுவது. அதெல்லாம் முடிந்த பிறகு, கண் சொருகும் நேரத்தில் ஒரு லெக்சர். டாக்டருக்கு நேரம் இருந்தால்தான் அதுவும். எந்த வார்டில் எத்தனை வாரம் என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிக்காது. எந்த வார்டில் ஆள் குறைவோ அதுதான் தீர்மானிக்கும்.

10/
இப்போ 4-வது பதிவுக்குத் திரும்பிப் போங்க.

ஆசிரியர் பயிற்சியில் மாதிரிப் பள்ளி மாணவிக்காக இருந்தது. நர்சிங்கில் மாணவி மருத்துவமனைக்காக இருந்தாள். ரெண்டுமே "செய்து கற்பது"தான். ஆனால் ஒன்று கல்வி, இன்னொன்று மலிவு உழைப்பு.

11/
இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர்கள் யார்?

இசபெல் ஹாம்ப்டன் ராப். அடிலெய்ட் நட்டிங். பின்னாளில் இசபெல் ஸ்டூவர்ட். மூவரும் கனடாவில் பிறந்தவர்கள். ராப்பும் ஸ்டூவர்ட்டும் நர்சாகும் முன் பள்ளி ஆசிரியைகள். நட்டிங் ஒரு பெண்கள் பள்ளியில் இசை கற்றுக்கொடுத்தவர்.

வகுப்பறை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தானே, இது வகுப்பறையே இல்லை என்று புரியும்?

12/
1889-ல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நர்சிங் பள்ளி திறந்தபோது அதன் முதல் தலைவர் ராப். அவரிடம் படித்த முதல் அணியில் ஒருவர் நட்டிங். 1891-ல் முடித்தார். 1894-ல் ராப் திருமணமாகி விலக, அந்த நாற்காலிக்கு வந்தார்.

வந்ததும் நட்டிங் செய்த வேலை: மாணவிகள் எத்தனை மணி நேரம் உழைக்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். புலம்பவில்லை, எண்களை எடுத்து மேசையில் வைத்தார்.

13/
அதன் பலனாக 1890-களின் நடுவில் ஹாப்கின்ஸில் மூன்று வருடப் படிப்பும் எட்டு மணி நேர வேலை நாளும் வந்தன. மாணவிகளுக்குக் கொடுத்த கைச்செலவுப் பணத்தையும் நிறுத்தினார்.

"ஐயோ, பணத்தை ஏன் நிறுத்தணும்?"னு தோணும். காசு வாங்கினால் வேலைக்காரி. வாங்காவிட்டால் மாணவி. மாணவி என்றால் பாடம் நடத்தியே ஆக வேண்டும். அதுதான் அவர் கணக்கு.

14/
1901-ல் இன்னொரு படி. சேர்ந்தவுடன் நேராக வார்டுக்கு அனுப்பாமல் ஆறு மாதம் அடிப்படைப் பாடங்கள். உடற்கூறியல், உடலியங்கியல், சுகாதாரம், உணவு, மருந்துகள். அதன் பிறகுதான் நோயாளி.

இன்று இது நமக்குச் சாதாரணம். அன்று, "ஆறு மாதம் சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவதா?" என்று கேட்கக்கூடிய விஷயம்.

15/
சரி, படிப்பு வேண்டும். யார் நடத்துவது? நர்சுகளுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி பெற்ற நர்சுகள் வேண்டுமே!

1893-ல் நர்சிங் பள்ளித் தலைவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சங்கத்தில் ராப் முன்வைத்த யோசனை: ஆசிரியர்களை உருவாக்கத் தெரிந்தவர்களிடமே போவோம்.

16/
நியூயார்க்கில் டீச்சர்ஸ் காலேஜ். 1887-ல் தொடங்கி, 1898-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆசிரியர் கல்லூரி. டீன் ஜேம்ஸ் எர்ல் ரஸ்ஸல்.

அதே கொலம்பியாவில் மருத்துவக் கல்லூரியும் இருந்தது. ஆனால் அங்கே பெண்களுக்கு இடமே கிடையாது. 1917-ல்தான் அந்தக் கதவு திறந்தது. ஆசிரியர் கல்லூரியின் கதவு 1899-லேயே நர்சுகளுக்குத் திறந்துவிட்டது.

17/
படிப்பின் பெயர் "ஹாஸ்பிடல் எகனாமிக்ஸ்". ஏற்கெனவே நர்சான பெண்களுக்கு ஒரு வருடம். ஆசிரியர் மாணவர்களோடு உட்கார்ந்து உளவியல், அறிவியல், மனையியல். அதோடு மருத்துவமனை நிர்வாகமும், நர்சிங்கைக் கற்பிக்கும் முறையும். இதை அனுபவமுள்ள நர்சுகளே வந்து நடத்தினார்கள்.

முதல் வருடம் சேர்ந்தவர்கள் ரெண்டே பேர். லெக்சிங்டனில் மூன்று, இங்கே ரெண்டு!

18/
1907-ல் நட்டிங் ஹாப்கின்ஸை விட்டு இங்கே வந்தார். நர்சிங்குக்காகப் பேராசிரியர் பதவி பெற்ற உலகின் முதல் நர்ஸ் இவர். பதவி கிடைத்த இடம் ஒரு ஆசிரியர் கல்லூரி.

1910-ல் ஹெலன் ஹார்ட்லி ஜென்கின்ஸ் என்பவர் கொடுத்த நிதியால் அது தனித் துறையாக நிலைத்தது. பழையபடி பணத்துக்கே வந்துட்டோம் பாருங்க. தனி நிதி இருந்தால்தான் படிப்பு படிப்பாக இருக்கும்.

19/
1917-ல் நர்சிங் பள்ளிகளுக்கான முதல் பொதுப் பாடத்திட்டம் வந்தது. அதில் பெரும் பங்கு ஸ்டூவர்ட்டுடையது. எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், எந்த வார்டு அனுபவம் என்று எழுதி வைத்தார்கள்.

"ஆள் குறைவா இருக்கு, அங்க போ" என்பதற்கு எதிராகக் காட்ட ஒரு காகிதம் முதல்முறையாகக் கிடைத்தது. சிலபஸ் என்பது மனப்பாடம் செய்ய மட்டும் இல்லைங்க. அது மாணவருக்கான பாதுகாப்பும்கூட.

20/
1923-ல் ரெண்டு சம்பவங்கள்.

ஒன்று, ராக்ஃபெல்லர் நிதியில் நடந்த ஆய்வு. கோல்ட்மார்க் அறிக்கை என்பார்கள். மருத்துவமனையின் வேலைத் தேவையும் மாணவியின் கல்வித் தேவையும் மோதும்போது தோற்பது கல்விதான் என்று அது சொன்னது. நர்சிங் பள்ளிகளுக்குச் சொந்த நிதி வேண்டும், பல்கலைக்கழகத்தோடு இணைப்பு வேண்டும் என்றது.

21/
இரண்டு, யேல் பல்கலைக்கழகத்தில் சொந்த டீனும் சொந்த பட்ஜெட்டும் கொண்ட நர்சிங் பள்ளி. முதல் டீன் ஆனி குட்ரிச். எங்கிருந்து வந்தார்? ஊகித்திருப்பீர்கள். டீச்சர்ஸ் காலேஜிலிருந்துதான்.

22/
"இதெல்லாம் அமெரிக்கக் கதை. நம்ம ஊர்?"

நம்ம ஊரில் ரெண்டு பாதையுமே பழையவை. சென்னையில் 1856-ல் வேப்பேரியில் தொடங்கிய அரசு நார்மல் ஸ்கூல்தான் பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி தொடங்கியது 1871-ல்.

23/
ஆனால் நர்சிங் டிகிரி வர 1946 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு டெல்லியிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் பி.எஸ்சி. நர்சிங் தொடங்கியது. வேலூருக்குப் பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

அதே 1946-ல்தான் போர் குழு அறிக்கையும் வந்தது. அன்றைய இந்தியாவில் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். நர்ஸ்? 43,000 பேருக்கு ஒருவர்!

24/
இவ்வளவு பற்றாக்குறையில் "சீக்கிரம் கத்துக்கொடுத்து வார்டுக்கு அனுப்புங்க" என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஆள் வேண்டும், அதோடு பட்டம் படித்த, கற்பிக்கக்கூடிய நர்சுகளும் வேண்டும் என்று அந்தத் தலைமுறை முடிவெடுத்தது. அந்த முடிவின் பலனை இன்றும் நாம் அனுபவிக்கிறோம்.

25/
இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சைக்காலஜி எதுக்கு?

இன்று பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் கற்பித்தல் முறைக்கென்றே ஒரு பாடம் உண்டு. பாடக்குறிப்பு எழுத வேண்டும், சார்ட் தயாரிக்க வேண்டும், நின்று வகுப்பெடுக்க வேண்டும். ஆசிரியர் கல்லூரியின் சாயல் இன்னும் போகவில்லை.

26/
அது ஏன் தேவை என்று ஒரு டாக்டராகச் சொல்கிறேன்.

சர்க்கரை நோயாளி ஒருவருக்கு இன்சுலின் எழுதுவது எனக்கு ரெண்டு நிமிட வேலை. அதை எங்கே வைப்பது, எத்தனை யூனிட் இழுப்பது, ஊசியை எங்கே எப்படிப் போடுவது, தலை சுற்றி வியர்த்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுப்பது நர்ஸ். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், ஊசியைக் கண்டால் அழுகிற எட்டு வயசுப் பிள்ளைக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியுமா? அதுதான் சைக்காலஜி. அதுதான் கற்பித்தல். தப்பாகப் புரிந்துகொண்டால் அன்று இரவே சர்க்கரை தாழ்ந்து உயிருக்கு ஆபத்து.

27/
உணர்ச்சிவசப்பட்டுச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எண்களும் இருக்கு.

2014-ல் லான்செட் இதழில் லிண்டா எய்க்கன் குழுவின் ஆய்வு. ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 300 மருத்துவமனைகள், அறுவை சிகிச்சை செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். பட்டம் படித்த நர்சுகளின் பங்கு 10 சதவீதம் கூடினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது.

28/
அதே ஆய்வில் இன்னொன்று. ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால், இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது.

இது தொடர்பைக் காட்டும் ஆய்வு. இதுதான் ஒரே காரணம் என்று நிரூபிக்காது. ஆனால் நல்ல படிப்பும் வேண்டும், போதுமான ஆட்களும் வேண்டும், ஒன்றைக் காட்டி இன்னொன்றை வெட்டக்கூடாது என்பது தெளிவு.

29/
ஆசிரியர் பக்கமும் அப்படித்தான். இன்று பி.எட். ரெண்டு வருடம். அதில் பள்ளிக்குப் போய்ப் பழகும் வாரங்கள் பல. லீவு போட்ட டீச்சருக்குப் பதில் பயிற்சி மாணவரை வகுப்பில் நிறுத்திவிட்டு யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால், அவர் கற்கவில்லை. ஆள் குறையை நிரப்புகிறார். 1880-ன் வார்டு, 2020-களின் வகுப்பறையில்.

30/
அதனால் நர்சிங்கிலோ ஆசிரியர் பயிற்சியிலோ பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டிடத்தைப் பார்ப்பதோடு நிற்காதீங்க. மூன்று கேள்வி கேளுங்க.

வார்டுக்கோ பள்ளிக்கோ அனுப்பும்போது கூட இருந்து சொல்லித்தருபவர் யார்?
எத்தனை வாரம் எங்கே என்பதற்கு எழுதிய அட்டவணை இருக்கா?
அந்த இடத்தில் நிரந்தர ஊழியர்கள் போதுமான அளவு இருக்காங்களா?

31/
மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்க. உங்க பிள்ளைக்கு அங்கே படிப்பு காத்திருக்கவில்லை, டூட்டி காத்திருக்கிறது. அதற்கு நீங்கள் ஃபீஸும் கட்டுவீர்கள்.

ராப்பும் நட்டிங்கும் ஸ்டூவர்ட்டும் தங்கள் வாழ்நாளைக் கொடுத்து உண்டாக்கிய வித்தியாசம் இது. கேட்காமல் விட்டால் அழிந்துவிடும்.

32/
படித்துக்கொண்டிருக்கும் நர்சிங் மாணவ மாணவிகளே, வருங்கால ஆசிரியர்களே, அந்த "எதுக்குன்னே தெரியாத" பாடங்களைக் கொஞ்சம் மரியாதையோடு படிங்க. நாளைக்கு ஒரு பாட்டியின் இன்சுலினும், ஒரு பிள்ளையின் பயமும் உங்க கையில்தான் இருக்கப்போகுது.

பயன் இருக்கும் என்று தோன்றினால், இந்த வருடம் கல்லூரி தேடும் வீடுகளுக்குப் பகிருங்கள்.