ஏழு அங்குலக் குறை

வரலாறு என்றதும் அரசர்களையும் போர்களையுமே நாம் பெரிதும் நினைக்கின்றோம். விளையாட்டுப் பொருள்களுக்கும் வரலாறு உண்டு. இன்று நான் கூற விரும்புவது மாதிரிப் புகையிரதம் ஓடும் பாதையின் வரலாறு. எந்திரத்தைக் கண்டு வியந்த கண்கள், அதைத் தாங்கிய தண்டவாளத்தை நெடுங்காலம் பாராதிருந்த கதை அது.

1891 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையில், மார்க்லின் நிறுவனத்தார் எட்டு வடிவப் பாதையோடு கூடிய புகையிரதத் தொகுதியொன்றைக் காட்சிக்கு வைத்தனர். பாதையின் அகலத்துக்கு நிலையான அளவுகளையும் அவர்கள் வகுத்தமையால், பின்னர் வாங்கும் வண்டியும் முன்னர் வாங்கிய பாதையிலே ஓடலாயிற்று. இங்கிலாந்தில், மெக்கானோ விளையாட்டுக் கருவியைக் கண்ட லிவர்பூல் நகரத்துப் பிராங் ஹோன்பி, 1920 இல் சாவி கொடுத்தால் ஓடும் புகையிரதங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் மறைந்து ஈராண்டுகளின் பின், 1938 இல், அவருடைய நிறுவனம் மேசைமேல் ஓடத்தக்க ‘ஹோன்பி டப்ளோ’ என்னும் சிறிய மின்சாரத் தொகுதியை வெளியிட்டது. அதன் பாதை தகரத்தாலானது. சரளைக்கல்லும் சிலிப்பர்க் கட்டையும் தகரத்தின்மீது அச்சிடப்பட்டிருந்தன. மின்சாரத்துக்கென நடுவில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றும் இருந்தது. சிறுவன் நொடியிற் பூட்டவும் கழற்றவும் அது மிக வாய்ப்பானது. மெய்ப்பாதையை ஒத்திருந்ததா என்று அன்று கேட்டவர் மிகச் சிலர்.

பெரிய குறை தகரத்தில் அன்று, அளவிலே இருந்தது. ஓர் அடியை மூன்றரை மில்லிமீற்றராகச் சுருக்கும் அளவுத்திட்டத்துக்கு உரியது 16.5 மில்லிமீற்றர்ப் பாதை. ஆனால் பிரித்தானியப் புகையிரதங்கள் பிறநாட்டு வண்டிகளினும் உருவிற் சிறியவை. பழைய சுரங்கங்களும் பாலங்களும் அவற்றை அவ்வாறு கட்டுப்படுத்தின. அவற்றை அந்த அளவிற் செய்தால், அக்காலத்து மின்மோட்டார் உள்ளே அடங்கவில்லை. எனவே வண்டியை மட்டும் அடிக்கு நான்கு மில்லிமீற்றராகப் பெருப்பித்தனர். பாதையைப் பழையபடியே விட்டனர். மெய்ப்பாதையின் அகலம் 4 அடி 8½ அங்குலம். மாதிரிப் பாதையைக் கணக்கிட்டால் 4 அடி 1½ அங்குலமே வருகின்றது. ஏழு அங்குலம் குறைவு!

1946 இல் சிட்னி பிரிச்சாட் என்பார் தொடங்கிய பீக்கோ நிறுவனம், பின்னாளில் பிளாஸ்டிக்குச் சிலிப்பர்களோடு, விரும்பியவாறு வளைக்கத்தக்க நீண்ட பாதையை ஆயத்தமாகவே விற்றது. தகரப் பாதையோடு ஒப்பிட்டால் அது பெரும் முன்னேற்றமே. எனினும் அதன் சிலிப்பர்கள் பிறநாட்டு மூன்றரை மில்லிமீற்றர் அளவைத் தழுவியவை. பிரித்தானிய வண்டியின்கீழ் அவை குறுகியும் நெருங்கியும் தோன்றின. தண்டவாளமும் அங்குலத்தின் பத்திலொரு பங்கு உயரமுடையது. மெய்யளவிற் கணக்கிட்டால் அது ஏழரை அங்குலத்துக்கு மேலாகும். பழைய பிரித்தானியத் தண்டவாளமோ ஆறங்குலத்துக்கும் உட்பட்டது.

பிழை பொறாதவர்கள் வேறுவழி சென்றனர். சிலர் பாதையை 18 மில்லிமீற்றராக அகட்டினர். 1966 இல் வேறு சிலர் 18.83 மில்லிமீற்றர் என்னும் சரியான அளவையே வகுத்தனர். அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று. ஒவ்வொரு வண்டியின் சக்கரத்தையும் மாற்றவேண்டும். பாதையையும் பெரும்பாலும் கையாலேயே அமைக்கவேண்டும்.

இளமையில் விட்ட விளையாட்டுக்கு ஐம்பது வயதின் பின் மீள்பவனுக்கு இது எளிதன்று. கண் கூர்மையடைந்திருக்கின்றது, கை தளர்ந்திருக்கின்றது. தந்தை வாங்கித்தந்த எந்திரம் பெட்டியில் உள்ளது. அதன் சக்கரத்தைக் கழற்ற அவன் மனம் இசையுமா? பாதையும் மெய்யாகத் தோன்றவேண்டும், அந்தப் பழைய எந்திரமும் அதில் ஓடவேண்டும் என்பதே அவன் வேட்கை. 2017 அளவில் பீக்கோ வெளியிட்ட புதிய பாதை இவ்வேட்கைக்கு ஒரு விடையாயிற்று. சிலிப்பர்களின் அகலமும் இடைவெளியும் பிரித்தானியப் பாதையைத் தழுவின. தண்டவாளத்தைப் பற்றும் இரும்புத் தாங்கிகளும் உருவம் பெற்றன. தண்டவாளத்தின் உயரமும் மெய்யளவை அடைந்தது. அகலம் மட்டும் 16.5 மில்லிமீற்றராகவே நின்றது. தாழ்ந்த தண்டவாளத்தில் மிகப் பழைய சக்கரங்கள் சிலவற்றின் விளிம்பு தட்டுமாயினும், பிற்காலத்து வண்டிகள் தடையின்றி ஓடுகின்றன.

ஏழு அங்குலக் குறை இன்றும் இருக்கின்றது. ஆயினும் கண் அதனை முதலிற் காண்பதில்லை. சிலிப்பர்களின் ஒழுங்கையே காண்கின்றது. ஒரு மோட்டாருக்கு இடந்தேடிச் செய்த பிழை, அம்மோட்டார் சிறுத்த பின்னரும் நீங்கவில்லை. அதன்மீது ஓடும் வண்டிகள் அத்துணை பெருகிவிட்டன. அடித்தளத்தில் நேரும் தவறு எவ்வளவு காலம் வாழும் என்பதையும், அதனைத் திருத்த இயலாதபோது எஞ்சியவற்றையேனும் செம்மையாகச் செய்தல் வீணன்று என்பதையும், இச்சிறு பாதை நமக்கு உணர்த்துகின்றது.